தோம்பில் எழுதிய பெயர்கள்

கேட்ட கேள்வி இது: "இங்கிலாந்து, ஜெர்மனி, அவுஸ்திரேலியா எங்கும் தங்களைக் கிறிஸ்தவர் என்று சொல்கிறவர்கள் வருசத்துக்கு வருசம் குறைகிறார்களாம். படிப்பும் விஞ்ஞானமும் கூடினதுதான் காரணமா, சேர்? எங்கட பக்கமும் அப்படி ஆகுமா?"

கேட்டவர் திருகோணமலை உப்புவெளிப் பக்கத்துத் தம்பி ஒருவர். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறார். கடற்கரையில் நின்றபடி சொல்லி முடிகிற விசயமில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். நான் பாடசாலையில் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பங்கில் மறைக்கல்வியும் படிப்பித்தேன். ஆகவே இந்த விசயத்தில் நான் வெளியாள் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

விஞ்ஞானத்துக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் சின்னப் பங்கு. கோயிலை விட்டுப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் டார்வினைப் படித்துவிட்டுப் போனவர்கள் இல்லை. பங்குச் சுவாமியோடு கோபித்துக்கொண்டு போனவர்களும் கொஞ்சம்தான். தாய் தகப்பனிடம் இருந்தது பிள்ளைக்குக் கைமாறவில்லை, அவ்வளவுதான். ஏன் கைமாறவில்லை என்று கேட்டால், கிறிஸ்தவர் என்ற பெயரோடு கட்டி வைத்திருந்த மற்றச் சாமான்கள் எல்லாம், பள்ளிக்கூடம், உத்தியோகம், கலியாணம், அடக்கம், ஊர் மரியாதை எல்லாம், ஒவ்வொன்றாகக் கட்டவிழ்ந்து வேறு இடத்துக்குப் போய்விட்டன என்பேன்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001 குடிசன மதிப்பீட்டில் 71.7 வீதமானோர் கிறிஸ்தவர் என்று எழுதினார்கள். 2011-இல் அது 59.3. 2021-இல் 46.2. முதல் தடவையாகப் பாதிக்குக் கீழே போனது. "சமயம் இல்லை" என்று எழுதியவர்கள் அதே 2021-இல் 37.2 வீதம். அவுஸ்திரேலியாவில் ஐந்தே வருசத்தில், 2016-க்கும் 2021-க்கும் இடையில், 52 வீதம் 44 ஆனது. அமெரிக்காவில் பியூ ஆய்வு நிலையத்தின் கணக்குப்படி 2007-இல் 78 வீதம், 2023-24-இல் 62. அங்கே கடைசி நான்கைந்து வருசமாக அந்த இறக்கம் கிட்டத்தட்ட நின்ற மாதிரித் தெரிகிறது. நிற்குமா, மூச்சு வாங்குகிறதா என்று இப்போது சொல்ல முடியாது.

இந்தக் கணக்குகள் எல்லாம் ஒரு படிவத்தில் மனிதர் எதை எழுதினார் என்பதைத்தான் அளக்கின்றன. உள்ளே என்ன நம்பினார் என்பதை எந்தப் படிவமும் அளக்காது. பெயர் எழுதுவது வேறு, நம்புவது வேறு, ஞாயிற்றுக்கிழமை எழும்பிப் போவது வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் இந்த விசயம் விளங்கவே விளங்காது. இதை விளங்கிக்கொள்ள இலண்டனுக்குப் போகத் தேவையில்லை. எங்கள் நாட்டிலேயே இருநூறு வருசத்துக்கு முன் நடந்து முடிந்த கதை ஒன்று இருக்கிறது.

பிரட்றிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போகும்போது அந்தக் கல் வளைவைப் பார்த்திருப்பீர்கள். 1622-இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள். ஒல்லாந்தரின் ஆட்சி இங்கே கோட்டையைச் சுற்றித்தான். உள்ளூருக்குள் பெரிதாகப் போகவில்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்புக் கரையிலும்தான் அவர்கள் ஆழமாக இறங்கினார்கள். அங்கே ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவனுக்குத்தான் அரசாங்க உத்தியோகம். கலியாணம் அந்தக் கோயிலில் பதிந்தால்தான் பிள்ளைக்குச் சொத்துரிமை பிசகில்லாமல் வரும். பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த கோயிலில் தோம்பு என்கிற பதிவேடு இருக்கும். பிறப்பு, கலியாணம் எல்லாம் அதில் ஏற வேண்டும். ஏறினார்கள். யாழ்ப்பாணத்தில் மட்டும் இலட்சத்தைத் தாண்டிய பெயர்கள் என்று அவர்களே கணக்கு வைத்திருந்தார்கள்.

வீட்டில் ஒரு பெயர், தோம்பில் ஒரு பெயர். கோயிலில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்து பின் வளவில் வைரவருக்கு விளக்கு வைத்தார்கள். இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். காணி உறுதிக்கு முத்திரை குத்துகிற மாதிரி அவர்களுக்கு அது ஓர் அலுவல்.

1795-இல் இங்கிலீஷ்காரர் திருகோணமலையைப் பிடித்தார்கள், அடுத்த வருசம் கரையோரம் முழுக்க அவர்கள் கையில். ஞானஸ்நானம் இல்லாமலும் உத்தியோகம் கிடைக்கும் என்று ஆனது. அந்த இலட்சக்கணக்கான புரட்டஸ்தாந்தர் ஒரு தலைமுறைக்குள் கரைந்து போனார்கள். யாரும் வாதாடவில்லை, யாரும் விஞ்ஞானம் படிக்கவில்லை. 1816-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பளையிலும் வட்டுக்கோட்டையிலும் பாழடைந்து கிடந்த பழைய கோயில் கட்டடங்களைத் திருத்திக்கொண்டுதான் வேலை தொடங்கினார்கள்.

மறுபக்கத்தையும் பாருங்கள். அதே ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடை செய்தார்கள். குருவை ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று 1658-இலேயே கட்டளை போட்டார்கள். ஒரு சுவாமியைக் காணாமலே வருசக்கணக்கில் கத்தோலிக்கர் இருந்தார்கள். கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகள் 1687-இல் பிச்சைக்காரன் வேசத்தில் வந்து சேர்ந்து அவர்களைத் தேடிப் பிடிக்கும்வரை வீட்டுச் செபமும் மூப்பர்மாருமே துணை. 2015-இல் பாப்பரசர் கொழும்புக்கு வந்து புனிதராக்கினாரே, அவர்தான். உத்தியோகம் கொடுத்து வளர்த்த சபை கரைந்தது. அடி வாங்கிய சபை இன்றும் இருக்கிறது. எங்கள் பாட்டன் பூட்டன் அந்த இரண்டாவது வகை என்று நான் பெருமை பேசுவதாக நினைக்க வேண்டாம். எங்கள் குடும்பத்தில் முதல் ஞானஸ்நானம் 19-ஆம் நூற்றாண்டில், துறைமுக வேலையோடு சேர்ந்தே வந்தது.

இப்போது ஐரோப்பாவுக்கு வாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறையில் நடந்தது அங்கே இருநூறு வருசமாக மெல்ல மெல்ல நடக்கிறது. ஒரு காலத்தில் அங்கேயும் பிறப்பு, கலியாணம், அடக்கம் மூன்றும் கோயில் புத்தகத்தில்தான். பள்ளிக்கூடம் கோயிலுடையது, ஆஸ்பத்திரி கன்னியாஸ்திரிமாருடையது, ஏழைக்குக் கஞ்சி ஊற்றுவதும் பங்குதான். இங்கிலாந்தில் 1837-இல் அரசாங்கப் பதிவு வந்தது. பிரான்சில் 1905-இல் அரசும் திருச்சபையும் சட்டப்படி பிரிந்தன. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரி, ஓய்வூதியம், வேலையில்லாதவருக்கு உதவிப்பணம் எல்லாம் அரசாங்கத்தின் கைக்குப் போயின. கனடாவின் கியூபெக் மாகாணம்தான் இதற்கு நல்ல சாட்சி. 1960 வரைக்கும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பெரும்பாலும் கத்தோலிக்கத் திருச்சபையின் பொறுப்பில். அந்தப் பத்தாண்டில் மாகாண அரசு இரண்டையும் எடுத்துக்கொண்டது. ஒரு தலைமுறைக்குள் பூசைக்கு ஆள் இல்லை. இன்றைக்கு இங்கிலாந்தில் நடக்கிற கலியாணங்களில் கோயிலிலோ வேறு சமய முறைப்படியோ நடப்பது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு.

ஜெர்மனிக் கதை இன்னும் வெளிச்சமானது. அங்கே போய்க் குடியேறி நகரசபையில் பதியும்போது சமயம் கேட்பார்கள். எங்கள் சனம் வழக்கம்போல "கத்தோலிக்கர்" என்று சொல்லிவிடும். என் மனைவியின் தமையன் மகன் ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டு, முதல் சம்பளச் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே கோல் எடுத்தார்.

"மாமா, இதில கோயில் வரி எண்டு ஒண்டு வெட்டியிருக்கு. நான் இங்க வந்து இன்னும் ஒரு பூசை கூடக் காணேல்ல!"

வருமான வரியின் மேல் எட்டு அல்லது ஒன்பது வீதம், மாநிலத்தைப் பொறுத்து. அரசாங்கமே சம்பளத்தில் வெட்டித் திருச்சபைக்குக் கொடுக்கும். வேண்டாமென்றால் நீதிமன்றத்திலோ பதிவகத்திலோ போய், நான் விலகுகிறேன் என்று ஒப்பமிட வேண்டும். 2022-இல் மட்டும் ஐந்து இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து அப்படி விலகினார்கள். ஒல்லாந்தர் காலத்தில் பெயர் எழுதினால் இலாபம், ஜெர்மனியில் பெயர் எழுதினால் செலவு. மருமகன் இன்னும் விலகவில்லை. "அம்மா அறிஞ்சா அழுவா" என்றார். அம்மா இல்லாத காலத்தில் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை.

அந்த ஒரு வசனத்தில் இந்த விசயத்தின் பாதி இருக்கிறது. அம்மாவுக்காகப் பெயர் வைத்திருக்கிற மகன், தன் மகனுக்கு எதற்காக அந்தப் பெயரைக் கொடுப்பான்?

டேவிட் வோஸ் என்கிற சமூகவியலாளர் பிரித்தானியக் குடும்பங்களின் தரவுகளை வைத்து இதைக் கணக்காகச் சொன்னார். தாய் தகப்பன் இருவரும் சமயப் பற்றுள்ளவர்களாக இருந்தால் பிள்ளையும் அப்படி இருக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒருவர் மட்டும் என்றால் அதிலும் பாதி. இருவருமே இல்லையென்றால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நூறு, ஐம்பது, இருபத்தைந்து என்று தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகிறது. யாரும் எதையும் எதிர்க்கத் தேவையில்லை. பழைய தலைமுறை சேமக்காலைக்குப் போகப் போகக் கணக்கு தானாக இறங்கும். இங்கிலாந்தின் இறக்கம் பெரும்பாலும் இப்படித்தான். போலந்துக்காரர், நைஜீரியர், மலையாளிகள், எங்கள் தமிழர் எல்லாரும் போய் வாங்குகளை நிரப்பியிராவிட்டால் அந்த 46 இன்னும் கீழே நின்றிருக்கும்.

கைமாறுவது எப்படி என்று நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஏழு மணிக்குச் செபமாலை. அப்பு துறைமுகத்தால் வந்து கிணற்றடியில் முகம் கழுவி, பனையோலைப் பாயை விரித்துவிட்டு எங்களைக் கூப்பிடுவார். முழங்கால் நோகும், நுளம்பு கடிக்கும், தங்கச்சி தூங்கி விழுவாள். மன்றாட்டு மாலை வரும்போது எங்களுக்கு வயிறு பசிக்கும். அப்பு அந்த நேரத்தில் எவர் வந்து கேற்றைத் தட்டினாலும் எழும்பமாட்டார். கடன் தர வேண்டிய முதலாளி வந்து நின்றால்கூட "இருங்கோ, முடியட்டும்" என்பதுதான். அவர் எங்களுக்கு விசுவாசம் பற்றி ஒரு நாளும் விளக்கம் சொன்னதில்லை. அந்த எழும்பாமல் இருந்ததுதான் எங்களுக்குப் பாடம்.

மனித நடத்தையை ஆராய்கிற ஜோசப் ஹென்றிக் இதைத்தான் வேறு சொல்லில் சொல்கிறார்: பெரியவர்கள் வாயால் சொல்வதைவிட, அவர்கள் எதற்காக நட்டப்படத் தயாராக இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே பிள்ளைகள் நம்புகிறார்கள். இங்கே தம்பியின் இரண்டாவது கேள்வியும் வந்துவிடுகிறது. மறைக்கல்வி வகுப்பில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் வாங்கு நிறைய இருப்பார்கள். பதினோராம் ஆண்டுக்கு வரும்போது ஒரே வாங்கில் எல்லாரும் அடங்கிவிடுவார்கள். மற்றவர்கள் எங்கே? ஞாயிறு காலை ரியூசன். ஒரு தகப்பனை எனக்கு நல்ல ஞாபகம். மோட்டார் சைக்கிளில் மகளை ஏற்றிக்கொண்டு வந்து கோயில் வாசலில் ஒரு காலை ஊன்றி நிற்பார். இயந்திரத்தை நிறுத்தமாட்டார். இருவரும் சிலுவை போடுவார்கள். மதில் ஓரம் படுத்திருக்கிற மான்களுக்கு ஹோர்ன் அடித்துவிட்டு உவர்மலைப் பக்கம் ரியூசனுக்குப் பறப்பார். கேட்டால், "சேர், சோதனை முடியட்டும். பிறகு ஒழுங்கா வருவா."

அவர் கெட்ட கிறிஸ்தவரா? இல்லை. திருநாளுக்குக் கூடு தூக்குகிற ஆள். ஆனால் எது தள்ளிப் போடக்கூடியது, எது தள்ளிப் போட முடியாதது என்பதை அந்தப் பிள்ளை நான்கு வருசமாக வாரா வாரம் பார்த்திருக்கிறது. சோதனை முடிந்து அந்தப் பிள்ளை ஒழுங்காக வரவில்லை. நான் குறை சொல்வதற்கு என் வீட்டைப் பார்த்துவிட்டல்லவா சொல்ல வேண்டும்! என் மகனுக்கும் கணக்குப் பாட ரியூசன் ஞாயிறு காலைதான். அனுப்பினேன்.

மேற்கில் ரியூசனுக்குப் பதில் உதைபந்தாட்டமும் கடைகளும். இங்கிலாந்தில் 1994-இல் பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை திறக்கச் சட்டம் இடம் கொடுத்தது. கடை திறந்தால் அதில் நிற்க ஒருவர் வேண்டும். அவருக்குப் பூசை இல்லை.

விஞ்ஞானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டார்வினின் நூல் 1859-இல் வந்தது. பிரித்தானியாவில் செங்குத்தாக இறங்கத் தொடங்கியது 1960-களில். நூறு வருசம் தாமதமாக வேலை செய்கிற மருந்து உண்டா? அமெரிக்காவைப் பாருங்கள். சந்திரனுக்கு ஆள் அனுப்பிய நாடு, பணக்கார நாடுகளில் அதிகமாகக் கோயிலுக்குப் போன நாடுகளில் ஒன்றும் அதுதான். நோய்க்கு நேர்த்தி வைப்பதைவிட ஆஸ்பத்திரி நம்பிக்கையானது என்று ஆனது உண்மை. ஆனால் இங்கே இருதய சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களும் பாலையூற்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் போகிறார்கள். இரண்டுக்கும் மனிதரிடத்தில் இடம் இருக்கிறது.

1960-களில் என்ன நடந்தது என்பதுதான் சரியான கேள்வி. அந்தப் பத்தாண்டில் பெண்களின் வாழ்க்கை மாறியது. வேலைக்குப் போனார்கள், கருத்தடை மாத்திரை வந்தது, விவாகரத்து இலகுவானது. வீட்டில் செபத்தைக் காத்தவர்கள் யார்? தாய்மார். பிள்ளையைக் கழுவி உடுத்திக் கோயிலுக்கு இழுத்துப் போனவர்கள் அவர்கள்தான். 1968-இல் ஆறாம் பவுல் பாப்பரசர் செயற்கைக் கருத்தடை கூடாது என்று சுற்றுமடல் எழுதினார். மேற்கில் ஏராளமான கத்தோலிக்கப் பெண்கள் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டில் தங்கள் முடிவை எடுத்தார்கள். ஒரு விசயத்தில் திருச்சபை சொல்வதைக் கேட்காமல் இருந்தும் தலையில் இடி விழவில்லை என்று கண்டால், அடுத்த விசயமும் இலேசாகிவிடும். அவர்களின் மகள்மார் தலையாட்டக்கூட வரவில்லை.

எங்கள் ஆட்கள் பேசக் கூசுகிற விசயத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2002-இல் பொஸ்டன் நகரில், சிறுவர்களைப் பாலியல் வதை செய்த குருமாரை மேலிடம் ஒளித்து ஒளித்துப் பங்கு மாற்றிய கதை பத்திரிகையால் வெளியே வந்தது. 2009-இல் அயர்லாந்தில் ரயன் ஆணைக்குழு அறிக்கை, திருச்சபை நடத்திய விடுதிகளில் பல பத்தாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு நடந்ததைப் பக்கம் பக்கமாகப் பதிந்தது. 1991-இல் அயர்லாந்தில் கத்தோலிக்கர் ஏறக்குறைய 92 வீதம். 2016-இல் 78. 2022-இல் 69. குற்றத்தைவிட மூடி மறைத்ததுதான் சனத்தை அறுத்தது என்பது என் எண்ணம். ஆனால் இதை மட்டும் காரணமாக்கவும் மனம் ஒப்பவில்லை. இப்படியான குற்றச்சாட்டு எதுவும் பெரிதாகக் கிளம்பாத சபைகளும் அதே வேகத்தில்தான் இறங்கின. வாசலில் ஏற்கெனவே செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றவர்களுக்கு அது வெளியே இறங்க ஒரு நியாயத்தைக் கொடுத்தது.

அமெரிக்காவில் அரசியலும் சேர்ந்தது. 1990-களிலிருந்து கிறிஸ்தவர் என்றால் இன்ன கட்சி என்ற எண்ணம் இறுகியது. அந்தக் கட்சி பிடிக்காத இளையவர்கள் பெயரையே விட்டார்கள். கருத்துக்கணிப்பு நடத்துகிற கலப் நிறுவனத்தின் கணக்கில், ஏதாவதொரு கோயிலிலோ சபையிலோ அங்கத்தவராக இருந்தவர்கள் 1999-இல் 70 வீதம், 2020-இல் 47.

இன்னொரு விளக்கமும் அடிக்கடி சொல்லப்படும்: வாழ்க்கை பாதுகாப்பானால் கடவுள் தேவைப்படமாட்டார் என்பது. பிப்பா நொரிஸ், ரொனால்ட் இங்கிள்ஹார்ட் என்ற இரு அறிஞர்கள் பல நாடுகளை ஒப்பிட்டு இதைச் சொன்னார்கள். எங்கள் ஊருக்கு இது பொருந்துகிற மாதிரித்தான் இருக்கும். 1990-இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தபோது கோயில் விறாந்தை முழுக்கச் சனம். 2004 சுனாமிக்குப் பிறகும் அப்படியே. ஆனால் அந்த விறாந்தையில் பாதிப் பேர் சைவக்காரர். கூரை இருந்தது, வந்தார்கள், சமைத்தார்கள், திரும்பிப் போனார்கள். கோயில் நிறைந்ததை விசுவாசம் நிறைந்ததாக எண்ணி எழுதினால் நாங்களும் ஒல்லாந்தரின் பிழையைத்தான் செய்வோம்.

இலங்கையில் என்ன நடந்தது? 1946-இல் நாட்டில் கிறிஸ்தவர் ஏறக்குறைய 9 வீதம். 1981-இல் 7.6. 2012-இலும் அதே 7.6. இறங்கிய அந்த முப்பத்தைந்து வருசத்தில் பறங்கியர் குடும்பம் குடும்பமாக அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். திருகோணமலையிலும் அவர்கள் பெயரில் வளவுகள் மட்டும் மிஞ்சின. 1960, 61 சட்டங்களால் மிஷன் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்தது. அதற்கும் முன்பே, 1931-இல் டொனமூர் அரசியலமைப்பால் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தபோது, வாக்குக் கேட்கப் போன கிறிஸ்தவப் பெரிய வீட்டு ஆட்கள் சிலர் பௌத்தரானார்கள். "டொனமூர் பௌத்தர்" என்று சனம் பகிடி பண்ணியது. பிறகு பிரதமரான பண்டாரநாயக்காவே ஆங்கிலிக்கன் ஞானஸ்நானம் பெற்றவர்தான். தோம்புக் கதை மறுபடியும் நடந்தது, இந்த முறை இங்கிலீஷ் உத்தியோகத்தோடு.

1981-க்குப் பிறகு 2012 வரை ஏன் இறங்கவில்லை? இங்கே சமயம் இனத்தோடும் ஊரோடும் பின்னிக் கிடக்கிறது. பாடசாலையில் சாதாரண தரத்துக்குச் சமயம் கட்டாயப் பாடம். பிள்ளை ஏதாவதொரு வகுப்பில் போய் இருந்தே ஆக வேண்டும். கலியாணத் தரகர் கேட்கிற இரண்டாவது கேள்வி, "வேதமோ, சைவமோ?" செத்தால் எந்தச் சேமக்காலை, யார் பெட்டி தூக்குவது என்பதும் அதில்தான் இருக்கிறது. "சமயம் இல்லை" என்று எழுதுகிறவனுக்கு இந்த ஊரில் அடக்கம் செய்ய ஆள் தேட வேண்டும். ஆகவே 2012 வரை எங்கள் கணக்கு நிமிர்ந்து நின்றது என்று மேற்கைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். சாமான்கள் எங்கள் பெயரோடு இன்னும் கட்டியிருக்கின்றன, அதுதான் வித்தியாசம். இங்கே நடக்கிற மாற்றம் வேறு மாதிரி. எங்கள் வாங்கை விட்டு எழும்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு தெரு தள்ளித் தகரக் கூரை போட்ட சபைக்குப் போகிறார்கள். சுவாமிமாருக்கு அது கவலை. மொத்தக் கணக்கில் அது தெரியாது.

உலகக் கணக்கையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும். 2020-இல் உலகில் கிறிஸ்தவர் 230 கோடி. பத்து வருசத்துக்கு முன்னதைவிடத் தொகை கூடத்தான், ஆனால் உலக சனத்தொகையில் பங்கு 30.6 வீதத்திலிருந்து 28.8-க்கு இறங்கியது. வளர்ந்தவர்களில் ஒருவர் புதிதாகச் சேர்ந்தால் மூவர் விடுகிறார்கள் என்று பியூ நிலையம் கணக்கிட்டது. ஆபிரிக்காவில் பிறக்கிற பிள்ளைகள்தான் தொகையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். சகாராவுக்குத் தெற்கே இப்போது இருக்கும் கிறிஸ்தவர் ஐரோப்பாவில் இருப்பதைவிட அதிகம்.

எங்கள் பக்கமும் ஆகுமா என்றால், ஆகிக்கொண்டிருக்கிறது, ஆனால் எங்கள் பிள்ளைகள் இருக்கிற இடத்தில். போன வருசம் என் தங்கச்சி மகன் இலண்டனிலிருந்து கோல் எடுத்தார். இருபது வருசமாகக் கோயில் பக்கம் போகாதவர். மனைவி வேறு சமயம். பிள்ளைக்கு மூன்று வயது.

"மாமா, என்ர ஞானஸ்நான சேட்டிபிக்கட் ஒண்டு எடுத்து அனுப்புவீங்களா? பிள்ளைக்கும் குடுக்கப் போறம்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "என்னடா திடீரெண்டு?" என்றேன்.

"இல்ல மாமா, வீட்டுக்குப் பக்கத்தில கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் ஒண்டு. நல்ல ரிசல்ட்ஸ். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையளுக்குத்தான் முதல் இடமாம்."

அடுத்த நாள் பங்குப் பணிமனைக்குப் போனேன். 1984-ஆம் ஆண்டுப் பதிவேடு. ஓரம் செல்லரித்திருந்தது. 1990 இடப்பெயர்வில் யாரோ ஒரு புண்ணியவான் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்க் காப்பாற்றியதாம். விரலை வைத்துப் பக்கம் பக்கமாகத் தேடினேன். பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஞானத்தகப்பன் என்ற இடத்தில் என் ஒப்பம். பார்த்து எழுதி, முத்திரை குத்துவித்து, அன்றைக்கே தபாலில் சேர்த்தேன்.